திங்கள், இரவு ஒன்பது நாற்பது

சாவியைத் திருப்பினேன்.
எஞ்சின் சுற்றியது, சுற்றியது,
பிடிக்கவில்லை.
வரப் பார்த்து வராமல் போன தும்மல் போல
ஒரு நடுக்கம். பிறகு புர்க்டோர்ஃப் முழுக்க அமைதி.

மூன்றாம் மாடியில் குசினி ஜன்னல் திறந்தது.
"என்னப்பா, இன்னும் வெளிக்கிடேல்லையோ?"

பெற்றரி இல்லை.
முன்விளக்கு எதிர்ச் சுவரைக் கழுவி
சைக்கிள் சாய்க்காதே என்ற பலகையை
எழுத்தெழுத்தாய் வாசித்துக் காட்டியது.
ஸ்டாட்டர் இல்லை; இந்த முனகலே அதுதான்.
பெற்றோல் இல்லை என்று சொல்ல ஆசையாய் இருந்தது.
முள்ளோ பாதிக்கு மேலே நின்றது.
சனிக்கிழமை சுகந்தினிதான் அடித்தாள்,
"பதினொரு கிலோமீற்றர் வேலைக்கு
இந்தக் குடி குடிக்குதே" என்று
ரசீதை நாலாய் மடித்தபடி.

நைற்றிக்கு மேல் என் ஜாக்கெற், கையில் ரோச் லைற்,
மற்றக் கையில் நான் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டுப் பெட்டி.
இறங்கி வந்துவிட்டாள்.
"பத்தரைக்குக் காட் அடிக்க வேணுமே.
போன் பண்ணிச் சொல்லுங்கோ."

போனை எடுத்துக் காதில் வைத்தேன்.
எந்த இலக்கத்தையும் அழுத்தாத போனிடம்
ஜேர்மனில் மன்னிப்புக் கேட்டேன்.
மறுமுனை மிகவும் மரியாதையாக இருந்தது.

பாண் தொழிற்சாலையின் கதவு
என் காட்டை மறந்து இருபத்து மூன்று நாள்.

கீழ் வீட்டு ஏஷ்லிமன்
தபால் பஸ் ஓட்டி ஓய்ந்தவர்.
ஓடாத வண்டியின் சத்தம் கேட்டால் அவருக்கு நித்திரை வராது.
பொனெற்றைத் தூக்கச் சொன்னார்.
"பொறி வரவில்லை" என்றார், தொடாமலே.
பிறகு குனிந்து, ரோச்சை இங்கே, இன்னும் இங்கே என்று
விரலால் இழுத்து, நிறுத்தினார்.

கறுப்பு வயர் நடுவில் அறுந்து
செம்பு நரம்பு வெளியே தொங்கியது.
பக்கத்து வயரில் ஊசி ஊசியாய்ப் பல்.

"மரநாய்."

சொல்லும்போது அவருக்கு ஒரு சந்தோஷம்.
ஒன்று வந்து காரில் தன் மணத்தைப் பூசிவிட்டுப் போகுமாம்.
அதே கார் இன்னொன்றின் எல்லைக்குள் வந்து நின்றால்
இதற்குப் பொறுக்காதாம்.
எதிரி உள்ளே இருக்கிறான் என்று
அகப்பட்டதைக் கடிக்குமாம்.
"சனி ஞாயிறு இங்கே நின்றது. சரி.
மற்ற இரவுகளில் இது எங்கே படுக்கிறது?
காட்டுப் பக்கமா?"

எனக்கு ஜேர்மன் விளங்காதது போல நின்றேன்.
சுகந்தினியின் ஜேர்மன் நல்லது.
"இல்லை, வேலையிடத்தில் நிலத்துக்குக் கீழே,
பூட்டின பார்க்கிங்" என்றாள்
வசனத்தின் பாதியில் குரல் வேகம் குறைந்து.

வெளிச்சம் எஞ்சினை விட்டு நகர்ந்தது.
கண்ணாடி வழியே பின்சீற்.
அவள் தேடி அலுத்த கம்பளி. ஒரு தலையணை உறை.
என் வேலைச் சப்பாத்தில்
மா இல்லை, எம்மே ஆற்றங்கரைச் சேறு.

அந்தக் கால்களை எனக்குத் தெரியும்.
இரண்டரை மணிக்குக் கூரையில் நடக்கும்,
ஈரமாய், அவசரமில்லாமல்.
கண்ணை மூடிக்கொண்டு கேட்டபடி கிடப்பேன்.
அந்த இரவுகளில்
நான் அங்கே இருப்பது தெரிந்த ஒரே உயிர்.

பொனெற் விழுந்து மூடியது.
"கவலை வேண்டாம்" என்றார் ஏஷ்லிமன்.
"காப்புறுதிப் படிவத்தில் மரநாய்க்கென்றே ஒரு கட்டம் உண்டு.
எங்கே, எப்போதிருந்து,
அவ்வளவுதான் எழுத வேண்டும்."

அவர் போன பின்பும் அவள் ஒன்றும் கேட்கவில்லை.
ரோச்சை என் கையில் தந்தாள்.
"சாப்பாடு ஆறுது" என்று
பெட்டியோடு படியேறினாள்.
முதலாம் மாடி விளக்கு எரிந்தது, பிறகு இரண்டாம் மாடி,
பின்னால் ஒவ்வொன்றாய்த் தானே அணைந்தன.

காரணம் தெரிந்த பிறகும்
இன்னொருமுறை சாவியைத் திருப்பினேன்.
சுற்றியது.
மேலே இரண்டு கோப்பை வைக்கும் சத்தம்.
ஜன்னலை அவள் இன்னும் சாத்தவில்லை.